அப்பாவின் கோடு, சித்தப்பாவின் வெல்டு

அப்பாவின் வண்டியில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் தூக்குவீர்கள். வெயில் காலத்தில் டேங்க் தொடையைச் சுடும். மழை நாளில் அப்பாவின் தாடையிலிருந்து தண்ணீர் நம் வகிட்டில் சொட்டும். இன்றைக்கு நம் பிள்ளைகளை அப்படி உட்கார வைப்போமா? நான் வைக்க மாட்டேன். மகளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, என் இடுப்போடு பெல்ட் போட்டுக் கட்டி, தெருமுனை திரும்புவதற்குள் இரண்டு முறை கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்க்கிறவள் நான். "கட்டித்தாம்மா இருக்குது" என்று மூன்றாம் வகுப்புப் படிக்கிற அவளே சலித்துக்கொள்கிறாள்.

அதே மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒன்று நடந்தது. இருபத்து மூன்று வருடமாக அதை ஒரு விதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு விதமாகத் தெரிகிறது. உங்களுக்கும் அப்பா, சித்தப்பா எல்லாம் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். எழுதினால் தெளியும் என்று நினைத்தேன். பாதி எழுதிய பிறகும் தெளியவில்லை.

அம்மா போன வருடம் தவறிய பிறகு அப்பா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கூட வந்தவை ஒரு தகரப் பெட்டியும் அந்த வண்டியும்தான். வண்டியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. உதைக்கிற கம்பியையே மடக்கிவிட்டால் அதுவே கியராகிவிடும், இரண்டு பக்கமும் சைலன்ஸர் நீட்டிக்கொண்டு டுக் டுக் என்று நீலப் புகை விடும் என்றாலே தெரிந்துகொள்வீர்கள். கருஞ்சிவப்பு. அப்பா அதில் ஒரு நட்டைக்கூட மாற்றியதில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அமைதியான மனிதர். வண்டி வந்த நாளிலிருந்து ஆள் மாறிவிட்டார். பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொண்டார். அதில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு வண்டி ஷோரூமில் இருந்து வந்தது போலவே இருக்க வேண்டும், ஸ்குரூவின் தலைகூட அந்தக் காலத்துத் தலையாக இருக்க வேண்டும். இன்னொரு கட்சி சீட்டை வெட்டும், கைப்பிடியைத் தூக்கும், டயரைத் தடியாக்கும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நான்கு வண்டிகள் வந்து நின்றால் இந்தச் சண்டைதான்.

"அப்பன் குடுத்த மூக்க மாத்திக்குவியா நீ?" என்பார் ஒருவர்.

"மாத்த மாட்டன். சளி புடிச்சா சிந்துவன்ல? அதான்யா நான் பண்றது" என்பார் இன்னொருவர்.

நான் டீ கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படும். எதிலுமே எனக்கு அப்படித்தான்.

வீட்டுக்காரர் ஒரிஜினல் கட்சி. ஒரு நாள் சீட்டைக் கழற்றிவிட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். சட்டத்தில் பெயின்டுக்கு அடியில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வடு இருந்தது. எதிர்ப் பக்கமும் அதே இடத்தில் இன்னொன்று.

"எவனோ வெல்டு வச்சி அறுத்திருக்கான். ஒங்கப்பா ஒண்ணும் பண்ணலன்னீங்களே, எவன் வேல இது?"

"சித்தப்பா" என்றேன்.

"எந்தச் சித்தப்பா?"

கல்யாணமாகி ஒன்பது வருடம். அப்படி ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. எங்கள் பத்திரிகையில் அந்தப் பெயர் இல்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். என் வலது காலில் உள்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று முடியில்லாத தோல் இருக்கிறது. சின்ன வயதில் சுட்டுக்கொண்டது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். சொன்னது பொய்யில்லை.

விருத்தாசலத்தில் அப்போது நாங்கள் இருந்தது செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் உள்ள தெரு. சாயங்காலம் பாதித் தெரு வெள்ளையாக வீடு திரும்பும். புருவம், காது மடல், செருப்பு எல்லாம் மண் மாவு. உடைந்த ஃபியூஸ் கட்டைகளையும் கோணல் போன பொம்மைகளையும் வைத்துத்தான் நாங்கள் விளையாடினோம். என்னிடம் தும்பிக்கை இல்லாத யானைகள் மட்டும் பதினொன்று இருந்தன.

அப்பாவுக்கு மாடல் செய்கிற வேலை. ஃபியூஸ் கட்டையோ பொம்மையோ, எதுவானாலும் முதலில் பிளாஸ்டரில் அப்பா ஒன்று செய்வார். அதை வைத்து அச்சு எடுப்பார்கள். அச்சில் கரைத்த வெள்ளை மண்ணை ஊற்றி ஆயிரக்கணக்கில் வார்ப்பார்கள். முதலில் செய்த ஒன்று பிசகினால் ஆயிரமும் பிசகும். அப்பாவின் அளவு பிசகியதில்லை. கம்பெனியில் யாருக்காவது சட்டை தைக்கக்கூட அப்பாவிடம் அளவு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கு அதே ஊரில் பாலக்கரையில் வெல்டிங் பட்டறை. அவருக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அவரிடமும் அதே வண்டி இருந்தது, ஆனால் பார்த்தால் அதே வண்டி என்று சொல்ல முடியாது. கைப்பிடி ஆட்டுக்கிடாக் கொம்பு போல மேலே வளைந்திருக்கும். ஒரு பக்கச் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு இன்னொன்றைத் தூக்கிக் கட்டியிருந்தார். நீல ரெக்சின் சீட்டு. ஹாரனை அழுத்தினால் குழந்தை அழும். தெருவில் பிள்ளைகள் எல்லோரும் சித்தப்பா வண்டியின் பின்னால் ஓடுவோம். அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"எதுக்குடா அத இப்பிடி நோண்டி வச்சிருக்க? கம்பெனிக்காரன் ஆயிரம் தடவ யோசிச்சிப் போட்ட அளவுடா அது."

"கம்பெனிக்காரன் யாருக்கண்ணே யோசிச்சான்? ஏறி ஒக்கார்றவன் நானு. என் முதுகுல்ல வலிக்குது."

"அப்ப முதுக மாத்து."

அம்மா சிரிப்பாள், சித்தப்பா அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். சண்டை என்று அதை யாரும் நினைத்ததில்லை.

அந்த ஜூன் மாதம் என்னை வேறு ஸ்கூலில் சேர்த்தார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். நான் வளர்ந்துவிட்டதால் டேங்க் மேல் உட்கார்ந்தால் அப்பாவுக்கு ரோடு தெரியவில்லை. பின்னால் போனேன். பின்னால் உட்கார்ந்தால் இரண்டு காலுக்கும் பக்கத்தில் இரண்டு சைலன்ஸர். பெரியவர்கள் கால் வைக்கிற கம்பி எனக்கு எட்டாது. "அகட்டி வச்சிக்க, அகட்டி வச்சிக்க" என்று அம்மா தெருமுனை வரை கத்துவாள். கத்தரிக்கோலைத் திறந்து பிடித்தது போல ஸ்கூல் வரை காலை விரித்துக்கொண்டே போவேன். தொடை நடுங்கும். பிரேயரில் நிற்கும்போதும் நடுங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னைத் தூக்கி வண்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, புள்ளைக்கி சின்னதா ரெண்டு ஃபுட்ரெஸ்ட் தொங்க விட்டுரலாம். சீட்டுக்குக் கீழ வெல்டு வச்சா போதும்."

"சட்டத்துலயா? அதுல நெருப்பு வைக்கறதா?"

"கம்பெனிக்காரன் ஒங்க பொண்ணு காலப் பாத்தா அளவெடுத்தான்?"

அப்பா ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே அம்மாவிடம், "புள்ள காலு எவ்ளோன்னு பாரு" என்றார். அம்மா தையல் டேப்பால் நான் வண்டியில் உட்கார்ந்திருந்தபடியே சீட்டிலிருந்து பாதம் வரை அளந்தாள். பதினாறு அங்குலம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வாரம்தான் நான்காம் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தேன். "நாலு நாலு பதினாறு" என்று கத்தினேன். அப்பா பென்சிலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

பட்டறையில் அப்பா தன் பின்பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் இரும்பு ஸ்கேலை எடுத்துக் குழாயில் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டார். சித்தப்பா குழாயை வண்டியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் எறக்கமாத் தெரியுதுண்ணே. புள்ளைய ஒரு தடவ ஒக்கார வச்சிப் பாத்துக்கலாமா?"

"அளவு என்னோடது. நீ கோட்டு மேல வையி."

இதை நான் கேட்டேனா, இப்போது நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா என்று பலமுறை யோசித்துவிட்டேன். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லியிருந்தார்கள். சுவரில் நீல வெளிச்சம் குதித்தது நினைவிருக்கிறது. எரிந்த பெயின்ட் வாசனை நினைவிருக்கிறது. குரல்களும் இருக்கின்றன, ஆனால் எட்டு வயதுக் காதை எந்த அளவுக்கு நம்புவது?

முடித்த பிறகு என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள்.

"எட்டுதா பாப்பா?" என்றார் அப்பா.

பெருவிரலை நீட்டினேன். நுனி பட்டது.

"எட்டுதுப்பா."

அப்பா தம்பியைப் பார்த்த பார்வையில் எவ்வளவு பெருமை. அப்பாவின் அளவு தப்பாது என்பதால் என் கால்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் வளர்ந்துவிடும் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் அன்றைக்கு "எட்டல" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்?

ஆடி மாதத்தில் ஒரு காலை. தூறல். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் வண்டி குதித்தபோது நுனிக்கால் வழுக்கி, கால் உள்பக்கமாகச் சரிந்து சைலன்ஸரில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். நைலான் சாக்ஸ். இழுத்தால் வரவில்லை. நான் கத்தியதை இன்ஜின் சத்தத்தில் அப்பா உடனே கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியைவிடக் கம்பெனி பக்கம் என்பதால் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குள் ஓடினார். அச்சிலிருந்து எடுத்த சாமானுக்குப் பிசிறு சீவுகிற ஒரு அக்கா, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கரைத்த வெள்ளை மண்ணைச் செம்பில் மொண்டு என் காலில் ஊற்றினார். சூளை வேலையில் யாருக்குச் சுட்டாலும் அங்கே அதுதான் மருந்து. அந்தக் குளிர்ச்சியை என்னால் மறக்க முடியாது. அழுகை அப்படியே நின்றுவிட்டது. அந்த அக்கா என் தலையைத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டு, "வெண்ணெ மாதிரி இருக்குதுல்ல? வெண்ணெ மாதிரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் மண் காய்ந்து இறுகியது. டாக்டர் அதைச் சுரண்டி எடுத்தபோதுதான் சாக்ஸும் தோலும் சேர்ந்து வந்தன. "படிச்சவங்கதான நீங்க?" என்று அவர் அப்பாவைத் திட்டினார். அப்பா வெள்ளைச் சட்டையில் வெள்ளை மண்ணோடு நின்றுகொண்டிருந்தார்.

சித்தப்பா மறுநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா கதவிலேயே மறித்துவிட்டாள்.

"போதும் தம்பி ஒங்க வெல்டிங்கு. பொம்பளப் புள்ள. நாளைக்கு எவன் கட்டுவான்? வண்டிய நோண்டாதீங்கன்னு ஒங்க அண்ணன் தலையால அடிச்சிக்கிட்டாருல்ல?"

"நான்தான் அண்ணி" என்றார் சித்தப்பா. "கை எறங்கிடுச்சி போல. நான்தான் பாக்காம வச்சிட்டன்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். வாசலில் சித்தப்பா, கூடத்தில் அப்பா. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. மகள் இப்படிக் கிடக்கும்போது தம்பியின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ரம்பத்தை எடுத்து இரண்டு ஃபுட்ரெஸ்ட்டையும் அறுத்தார். அரத்தால் ராவினார். பெயின்ட் அடித்தார். வண்டி பழையபடி ஆகிவிட்டது. ஊர் ஆகவில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: "அண்ணன் பொண்ணு கால்ல சூடு வச்சிட்டியாமே?" விளையாட்டாகக் கேட்டவர்கள்தான். ஆனால் பிள்ளை ஏறுகிற வண்டியை யாரும் அவரிடம் விடவில்லை. பொங்கலுக்குள் பட்டறையைக் காலி செய்துவிட்டு, சித்தியின் ஊரான வேப்பூருக்குப் போய்விட்டார். அதன் பிறகு நல்லதுக்கும் கெட்டதுக்கும் போக்குவரத்து இல்லை. அம்மா இறந்ததற்குக்கூட யாரும் சொல்லி அனுப்பவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "வேணாம்" என்றார்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன்.

என் மகளுக்கு ஸ்கூலில் வீட்டுப் பொருள்களை அளந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஸ்கேலைத் தொலைத்துவிட்டு, தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து அந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்து எழுதிக்கொண்டு போனாள். எல்லாம் தப்பு என்று சிவப்பு மையோடு திரும்பி வந்தாள்.

"தாத்தா, ஒங்க ஸ்கேலு பொய் சொல்லுது."

அப்பா சிரித்தார். "பொய் இல்லடா. அது சூளைக்குப் போற சாமானுக்குன்னு நானே கோடு போட்ட ஸ்கேலு. மண்ணு வெந்தா சுருங்கிப் போவும். அதனால பச்சையிலயே பெருசா செய்யணும். இதுல ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் நீளமா இருக்கும். எட்டு அங்குலச் சாமான் வேணும்னா இதுல எட்டு வச்சிச் செஞ்சா, வெந்து வெளிய வரும்போது சரியா நெஜ எட்டு இருக்கும்."

"இரும்பு சுருங்குமா தாத்தா?"

"இரும்பு எப்பிடிச் சுருங்கும்" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார்.

நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியாமலே கத்தியைக் கீழே வைத்தேன். மத்தியானம் அப்பா தூங்கும்போது பெட்டியைத் திறந்தேன். அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி அந்த இரண்டு குழாய்களும் இருந்தன. தையல் டேப்பை வைத்தேன். பதினெட்டு. அப்பாவின் ஸ்கேலை வைத்தேன். பதினாறு. மாற்றி மாற்றி நான்கு முறை அளந்தேன்.

நாள் முழுக்க அந்த ஸ்கேலோடே வேலை செய்கிற கை. பாக்கெட்டில் இருந்ததை எடுத்துக் கோடு போட்டிருக்கிறது. இரும்புக்கும் சுருக்கம் விட்டு அளந்திருக்கிறது. சித்தப்பா சொன்னபடி கோட்டின் மேல்தான் வைத்திருக்கிறார்.

அப்பாவிடம் கேட்கலாமா? எழுபத்தொரு வயது, சர்க்கரை, மனைவி போய் ஒரு வருடம். அளவு தப்பாதவர் என்பதைத் தவிர அவரிடம் வேறு என்ன இருக்கிறது? கேட்காமல் விட்டால், வேப்பூரில் ஒரு மனிதர் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார். அம்மா அப்படியே நம்பித்தான் போனாள். குழாய்களைக் குப்பையில் போட்டுவிட்டால்? ஒரு முறை கேட் வரை எடுத்துக்கொண்டும் போனேன். அப்பா இதை ஏன் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பதுதான் என்னைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தது. தெரியாதவர் ஏன் வைத்திருக்க வேண்டும்? தெரிந்தவர் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

வீட்டுக்காரரிடம் நான் இதைச் சொல்வதற்குள் அவர் வேறொன்று சொன்னார். "இந்த வண்டிய அப்பிடியே ஒரிஜினலாக் கொண்டாந்து குடுக்க ஒருத்தர் இருக்காராம். வேப்பூர்ல, ஹைவே ஓரமா, பரோட்டாக் கடைக்குப் பக்கத்துல. ரொம்பக் கறாரான ஆளாம்." போனில் ஒரு வீடியோ காட்டினார். நரைத்த மனிதர் ஒருவர், வண்டியைக் காலால் உதைக்காமல் கையாலேயே கம்பியை அமுக்கிக் கிளப்புகிறார். அவர் தலைக்கு மேல் ஒரு போர்டு: 'ஒரிஜினல் மட்டும். ஆல்டர் செய்யக் கேட்காதீர்கள்.'

ஆட்டுக்கிடாக் கொம்பு வைத்த சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வண்டியில் முன்னால் போக, நான் மகளோடு பஸ்ஸில் போனேன். மஞ்சள் பையில் குழாய்களும் டேப்பும் ஸ்கேலும். சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை முடிவு செய்தேன். மூன்றாவது முறை முடிவு செய்வதற்குள் வேப்பூர் வந்துவிட்டது.

சித்தப்பா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்தார்.

"ஆறிடுச்சா பாப்பா?" என்றார். இருபத்து மூன்று வருடம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி.

பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தத்துக்கும் லாரி ஹாரனுக்கும் நடுவில் பையைத் திறந்தேன். குழாயை எடுத்து ஸ்டூலில் வைத்தேன். டேப்பை வைத்தேன், ஸ்கேலை வைத்தேன். மண் சுருங்கும் கதையைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

"இல்ல பாப்பா" என்றார் சித்தப்பா. "கோட்டுக்குக் கீழ வச்சது நான்தான். மொதல்ல டாக்கு வச்சிப் புடிக்கும்போது குழா நழுவுச்சி. எனக்கு நல்லா ஞாபவம் இருக்குது."

"குழாயே பதினெட்டு இருக்குது சித்தப்பா. நழுவி இருந்தா அப்பா ஸ்கேல்ல சரியாப் பதினாறு வருமா?"

"அண்ணன் அளவு தப்பாது."

"நீங்களே ஒரு தடவ அளந்து பாருங்க."

அவர் டேப்பைத் தொடவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரின் வண்டிப் பக்கம் குனிந்துகொண்டார். அளந்தது சித்திதான். அவருக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது. கழுவிய பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, டேப்பை வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"எம்பொண்ணு காதுகுத்துக்குத் தாய்மாமன் பக்கம் அத்தன பேரு வந்து நின்னாங்க. இவரு பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல" என்றார் என்னிடம். "சைக்கிளுக்குப் பின்னால ஒரு புள்ள சீட்டு மாட்டித் தாங்கன்னு வந்தாக்கூட மாட்டன்னு திருப்பி அனுப்புவாரு. சோத்துக்கு இல்லாத நாள்ளயும் அனுப்பிச்சாரு. கம்பெனி அளவத் தவிர வேற அளவத் தொட மாட்டாராம்." பிறகு குரலை உயர்த்தினார். "கேட்டீங்களா? ஒங்க அண்ணன் அளவாம்!"

"நீ உள்ள போ" என்றார் சித்தப்பா, நிமிராமல்.

"போறன். இன்னும் எவ்ளோதான் உள்ளயே போறது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். சித்தப்பா சட்டத்தில் இருந்த அந்த வடுவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகு நேரம் இருந்தார். கிளம்பும்போது என்னிடம், "அண்ணன் கிட்ட இதெல்லாம் கேக்காத. வயசான காலத்துல" என்றார். நல்ல செய்தி கொண்டு போகிறேன் என்று நினைத்துப் போனேன். அவர் முகத்தில் நான் வரும்போது இல்லாத ஏதோ ஒன்று நான் கிளம்பும்போது இருந்தது. நிம்மதி என்று அதைச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "வேப்பூர்ல வண்டிய யாரு பாத்தது?"

பொய் சொல்ல நினைத்தேன். "சித்தப்பா" என்றேன்.

அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "கோடு என்னோடதுன்னு சொன்னானா?"

"இல்லப்பா. குழா நழுவுச்சின்னு சொன்னாரு."

"நழுவல" என்றார் அப்பா.

"ஒங்களுக்கு எப்பப்பா தெரியும்?"

"அறுத்தப்பவே. கீழ விழுந்தத எடுத்து அளந்து பாத்தன்." சொம்பைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். "சொல்லிடலாம்னுதாம்மா இருந்தன். தீவாளி போவட்டும்னு பாத்தன். அதுக்குள்ள அவன் பட்டறையக் காலி பண்ணிட்டான்."

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று நான் கணக்குப் போடவில்லை. போட்டால் அப்பாவை வெறுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மகள் கேட்டால் என் பக்கத்துத் தப்பை நான் மட்டும் உடனே சொல்லிவிடுகிறவளா என்றும் யோசித்தேன். "எட்டுதுப்பா" என்று சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில்.

மறுநாள் காலை அப்பா குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, "வேப்பூர் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றார். முக்கால் மணியில் திரும்பி வந்தார். "பஸ்ஸு போயிடுச்சி." வேப்பூருக்குக் கால் மணிக்கு ஒரு பஸ் உண்டு. அடுத்த நாளும் சட்டை போட்டார். "ஒரே கூட்டம்." மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீ குடித்துவிட்டு வந்தது சட்டைக் கறையில் தெரிந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நான் கூட வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் என்னால்தான் போனார் என்று ஆகிவிடுமோ என்று கேட்கவில்லை. அதுவும் சரியா என்று தெரியவில்லை.

இன்று நான்காம் நாள். எட்டு மணிக்குப் போனவர். இப்போது மணி பதினொன்றரை. போனை எடுத்துப் போகவில்லை, கட்டில் மேலேயே கிடக்கிறது. வேப்பூருக்கு அடித்துக் கேட்கலாமா என்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அடித்து, அங்கே வரவில்லை என்று சொல்லிவிட்டால்? வந்திருக்கிறார் என்று சொன்னால் அடுத்து நான் என்ன கேட்பது?

அரிசி களைய வேண்டும். அரைப்படி போட்டேன். சித்தப்பாவும் கூட வந்தால் என்று இன்னும் ஒரு ஆழாக்கு போட்டேன். கொஞ்சம் யோசித்து, சித்தி வந்தாலும் வருவார் என்று இன்னும் ஒரு கை.